நூற்றுப் பத்து பவுண்டு

ட்ரெய்லரின் பின்சக்கரத்துக்கு
நூற்றுப் பத்து பவுண்டு.
குறைந்தால் சூடேறும், கூடினால் வெடிக்கும்.
என் விரலுக்குத் தொண்ணூற்று நாலு போதும் என்றார்கள்.
ஜாக்கியைத் தூக்கி நாலு எட்டு நடந்தால்
எண்பத்தெட்டு.

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கும் இடத்தில் என் பஞ்சர் கடை.
துறைமுகம் போகும் கன்டெய்னர் வரிசை
வாசலில்தான் நின்று நின்று நகரும்.
இப்போது ஸ்பானர் பிடிப்பவன் இம்தியாஸ்.
நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி
காற்று மட்டும் பிடிக்கிறேன்,
அதாவது, மற்றவர்களுக்கு.

வால்விலிருந்து முனையை எடுக்கும்போது
உஸ் என்று அரை நொடி வரும்.
இருபது வருஷமாகக் காதில் விழாத சத்தம்.
இப்போது அதற்குள்
ஸ்டான்லியின் மூன்றாவது மாடி இருக்கிறது,
சுவரிலிருந்து வரும் குழாய்,
குமிழ் விடும் தண்ணீர்க் குடுவை,
யாருக்கும் முகம் இல்லாமல்
கண் மட்டும் இருந்த பதினேழு நாள்.
கை நடுங்கி முனை நழுவும்.
"இன்னா நைனா, குளுருதா?" என்பான் எவனாவது,
மே மாசத்து மத்தியானத்தில்.

பக்கத்துக் கட்டில் வேதாசலம்.
தூத்துக்குடி லைன், பதினாலு வீல்.
ரெண்டு பேரையும் குப்புறப் போட்டிருந்தார்கள்.
கன்னம் தலையணையில், முகம் நேருக்கு நேர்.
புருஷன் பெண்டாட்டிகூட
அவ்வளவு நேரம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.
மாஸ்க்கைத் தூக்கி ஒரு வார்த்தை,
இறக்கி மூன்று மூச்சு.
அப்படி ஒரு ராத்திரி முழுக்கப் பேசியது
அவர் வண்டியின் முன்டயர் ரெண்டும் மொட்டை என்பதைத்தான்.
"வெளிய போனதும்... உன் கடைக்கு... கொண்டாறேன்.
பில்லு... பாத்து... போடு."
போடறேன் என்றேன்.
விடிந்தபோது கட்டிலில் புது விரிப்பு.
மேல் மாடிக்கு மாற்றிவிட்டதாக ஒருவர் சொன்னார்.
வீட்டுக்குப் போயிட்டார் என்றார் தரை துடைத்த அக்கா,
துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டு.

கொரோனாவா, அது எப்பவோ முடிஞ்சுபோச்சே
என்கிறார்கள் டீக்கடையில்.
எனக்கு இன்னும் மல்லாந்து படுக்க வரவில்லை.
ஜெசிந்தா என் பிடரியோடுதான் பேசுகிறாள்.
ஸ்கூல் ஃபீஸ், கேஸ் புக்கிங்,
ஸ்டீராய்டு ஊசி விட்டுப்போன சுகர்.
அவள் தூங்கியதும் போர்வைக்குள்
விரலில் கிளிப்பை மாட்டுவேன்.
நகம் சிவப்பாக எரியும், சிக்னல் மாதிரி.
தொண்ணூற்று மூணு. தொண்ணூற்று நாலு. தொண்ணூற்று மூணு.
ஒருநாள் அதைப் பிடுங்கி
அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள்.
மூன்றாம் நாள் டப்பாவைக் கவிழ்த்தேன்.
இருவரும் தரையில் உட்கார்ந்து
அரிசி பொறுக்கினோம், பேசாமல்.
வயர் கூடையில் போட்டுக்கொண்டு
மறுநாள் அவள்தான் என்னை அழைத்துப் போனாள்.

மனநலப் பிரிவில் சின்ன டாக்டர்,
பேனா மூடியைக் கடிக்கிற பெண்.
"சாவை நெனச்சு பயமா இருக்கா?"
இல்ல மேடம்.
"அப்புறம்?"
வரிசையில் வர்ற வண்டியில
முதல்ல முன்டயரைப் பாக்கறேன்.
மொட்டையா இருந்தா டிரைவர் முகத்தைப் பாக்கறேன்.
புது டயரா இருந்தாலும் பாக்கறேன்,
வேற எங்கியாவது மாத்தியிருக்கலாம் இல்லியா.
கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் எழுதவில்லை.
பிறகு ரெண்டு மாத்திரை எழுதினாள்.
ஒன்றைப் பாதியாக உடைக்கணும்.

சில நாள், உஸ் வெறும் உஸ்ஸாக இருக்கிறது.
சில நாள் இல்லை.

நேற்று பழைய பில் புக்குகளைப்
பேப்பர்காரனுக்குக் கட்டிக்கொண்டிருந்தான் இம்தியாஸ்.
ஒரு தாளில் நின்றான்.
என் கையெழுத்துதான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்துக் கோணல்:
வேதாசலம். முன் இரண்டு.
தேதி இல்லை. தொகைக்கான இடம் காலி.
"யாருண்ணே இது? பாக்கியா?"
பாக்கிதான். கிழிக்காத.

வெளியே வரிசை
ஒரு வண்டி நீளத்துக்கு நகர்ந்தது.
எழுந்து பார்த்தேன்.